சுவரை நிரப்ப வந்த கோடாலி

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுக் கோடையில் தில்லைநாதன் ஒரு சபதம் எடுத்தார். தன் வீட்டு ஹோல் சுவரில், அதாவது வரவேற்பறைச் சுவரில், சாமி ஏறக் கூடாது.

அவரை நாத்திகர் என்று எண்ணிவிட வேண்டாம். ஓஸ்லோவில் எந்தக் கோயில் திருவிழா என்றாலும் பட்டு வேட்டியோடு முன்வரிசையில் நிற்பவர். வெள்ளிக்கிழமையில் முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். கடவுளோடு அவருக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. கடவுள் எந்த அறையில் இருப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

ஓஸ்லோவின் ஓரமான எல்லிங்ஸ்ருட்டில், மூன்றாம் மாடியில் இருந்த அந்த வீட்டில் சாமிக்குக் கிடைத்த இடம் வாசலை ஒட்டிய சாமான் அறை. பிள்ளையாரும் லட்சுமியும் முருகனும் அங்கே ஒரு அலமாரித் தட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். வலது பக்கம் தூசி உறிஞ்சும் மெசின். இடது பக்கம் பனிச்சறுக்குக் கட்டைகள். தலைக்கு நேர் மேலே புகை பட்டால் அலறும் மணி. மனைவி மங்களேஸ்வரி வெள்ளிக்கிழமை மாலையில் கற்பூரம் கொளுத்துவாள், மணி அலறும். கீழ்வீட்டு நோர்வேக்காரக் கிழவி முதலில் இரண்டு மூன்று தரம் படியிறங்கி ஓடினாள். பிறகு வெள்ளிக்கிழமையை அடையாளம் கண்டுகொண்டாள்.

மங்களேஸ்வரி பல வருடமாய்க் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஹோலிலை அந்தச் சுவர் கிழக்கைப் பார்த்தபடி வெறுமனே கிடக்கு. ஒரு தட்டு அடிச்சுத் தாங்கோ, சாமியை அங்கை வைப்பம். பிள்ளையார் கூட்டுற மெசினோடை குடியிருக்கிறதைப் பார்க்க எனக்கு நெஞ்சு வேகுது."

"அது கொங்கிரீற் சுவர், மங்களம். ஆணி இறங்காது. குடியிருப்புச் சங்கத்திட்டை அனுமதியும் எடுக்கோணும்."

கொங்கிரீற்றும் சங்கமும் வெறும் சாட்டு. உண்மைக் காரணத்தின் பெயர் ஞாயிற்றுக்கிழமை. அன்று பின்னேரம் ரீவியில் இங்கிலாந்துக் கால்பந்து. தில்லைநாதன் செற்றியில் காலை நீட்டி, ஒரு கையில் குளிர்ந்த பியரும் மடியில் ஆட்டிறைச்சிப் பிரட்டலுமாக அமர்வார். கிழமை முழுவதும் தபால் நிலையத்தில் பிறருடைய கடிதங்களைப் பிரிக்கிறவருக்கு வாழ்க்கையில் மிஞ்சியிருந்த சுகம் அதுதான். சாமி ஹோலுக்குள் வந்தால் இறைச்சி, மீன் என்ற மச்சமும் பியரும் வெளியே போகும். அந்த விஷயத்தில் மங்களேஸ்வரி எள்ளளவும் விட்டுக்கொடுக்கமாட்டாள்.

பிள்ளையாரைப் பற்றி நினைக்கும்போது அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. சனிக்கிழமை இரவு வரை வெட்கப்படுவார். ஞாயிறு பந்து உருளத் தொடங்கியதும் வெட்கம் போய்விடும்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். தில்லைநாதன் அதைத் திருப்பிப் போட்டு யோசித்தார். சுவர் வெறுமையாக இருப்பதால்தானே கேட்கிறாள்? சுவரே நிறைந்துவிட்டால்?

எதனால் நிரப்புவது என்பதற்கு விடை ஆகஸ்ட் மாதத்தில் கிடைத்தது. ஓஸ்லோவுக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் வைக்கிங் சந்தை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய உடுப்புகளில் வங்கி உத்தியோகத்தர்கள் உலவிக்கொண்டிருந்தார்கள். தாடி வைத்த ஒரு பொடியன் கோடாலிகளைப் பரப்பியிருந்தான். அவன் நேர்மையானவன். முன்னால் இருந்த சின்னக் கோடாலியைக் கையில் எடுத்துக் காட்டினான்.

"இதுதான் உண்மையான மாதிரி. மெல்லிய அலகு, பாரமில்லை. கல்லறைகளில் கிடைத்ததைப் பார்த்துச் செய்தது."

தில்லைநாதன் அதைச் சுவரில் வைத்து மனக்கண்ணால் பார்த்தார். பல்லி இருக்கும் அளவுக்குத்தான் இடம் பிடிக்கும். அதைச் சுற்றிப் பதினாறு சாமி வைக்கலாம்.

"அது என்ன?" என்று பின்னால் சாத்தியிருந்ததைக் காட்டினார்.

அது ஒரு இராட்சதன். நிமிர்த்தி வைத்தால் தில்லைநாதனின் தாடைக்கு வந்தது. இரண்டு பக்கமும் அலகு. ஒவ்வொன்றும் ஒரு சுளகு அகலம். அலகு நிறையப் பாம்புகள் பின்னிக் கிடந்தன.

"அது சும்மா உல்லாசத்துக்குச் செய்தது. வைக்கிங்குகள் அப்படி ஒன்று..."

"எடுக்கிறேன்" என்றார் தில்லைநாதன். மீதியைக் கேட்க அவருக்கு விருப்பமில்லை.

படுக்கை விரிப்பால் சுற்றி, பஸ்ஸில் ஏற்றி, பிறகு எல்லிங்ஸ்ருட் போகும் சுரங்க ரயிலில் ஏற்றினார். விரிப்பு அலகுக்குப் போதவில்லை. ஓஸ்லோக்காரர்கள் நாகரிகமானவர்கள், அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கமாட்டார்கள். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வழக்கமாக நின்றுகொண்டே வருகிறவருக்கு அன்று ரயில்பெட்டியின் பாதி கிடைத்தது.

கதவைத் திறந்த மங்களேஸ்வரி ஒரு அடி பின்வாங்கினாள்.

"என்ன கோதாரி இது?"

"வைக்கிங் கோடாலி."

"ஆரை வெட்ட?"

"வெட்ட இல்லை. ஹோல் சுவரிலை கொழுவ. இந்த நாட்டிலை இருவது வருசமா இருக்கிறம். அவையின்ரை சரித்திரத்துக்கு நாங்கள் ஒரு மரியாதை குடுக்கோணும்."

"இருவது வருசமா உங்களுக்குச் சரித்திரம் ஞாபகம் வரேல்லையோ?"

"இப்ப வந்திட்டுது."

அறைக்குள்ளிருந்து மகள் யதுர்ஷா வந்தாள். பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். கோடாலியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"அப்பா, இது ஃபேக். வைக்கிங்குக்கு ரெண்டு பக்க அலகு இல்லை. கொம்பியூட்டர் விளையாட்டிலைதான் இப்பிடி வரும்."

"உனக்கென்னடி தெரியும்?"

"ஸ்கூலாலை மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவை. அங்கை பார்த்தனான். எல்லாம் சின்னன், மெல்லிசு."

மங்களேஸ்வரி பிடியில் கை வைத்துத் தூக்கிப் பார்த்தாள். அது அசையவில்லை.

"அவள் சொல்லுறது சரி. இதை ஓங்கினால் பின்பக்க அலகு ஓங்கினவன்ரை மண்டையைத்தான் பிளக்கும். எதிரிக்கு வேலையே இல்லை."

"அந்தக் காலத்து மனிசர் எங்களைப் போலையே? மலை மாதிரி இருப்பினம்."

"மலைக்கேன் கோடாலி? சும்மா சாஞ்சாலே எதிரி செத்துப் போவான்."

"மங்களம், உமக்குச் சரித்திரம் விளங்காது. இது அசல் மாதிரி. அளவு, பாரம், அலகு எல்லாம் அப்பிடியே." தில்லைநாதனுக்குச் சூடேறிவிட்டது. சூடேறினால் அவர் வாயிலிருந்து சத்தியம்தான் வரும். "இது போலியெண்டு படிச்ச ஆக்கள் ஆரும் சொல்லட்டும். என்ரை இந்தக் கையாலையே கழட்டி வைக்கிறன். இது சத்தியம்!"

நுணலும் தன் வாயால் கெடும். ஆனால் அந்த நேரத்தில் நுணலுக்கு அது தெரியாது.

மங்களேஸ்வரி கொஞ்ச நேரம் கோடாலியைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பிறகு, "உங்கடை விருப்பம்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். தில்லைநாதன் தன் காதையே நம்பவில்லை. கல்யாணம் கட்டிய நாள்முதல் அவள் வாயில் அந்த வார்த்தையை அவர் கேட்டதில்லை.

துளை போட கிளெமென்ற் வந்தார். அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர், கட்டடத்துக்கே பராமரிப்பாளர். அவரிடம் கொங்கிரீற்றைக் குடையும் பெரிய ட்ரில் இருந்தது. ஞாயிறு பின்னேரங்களில் செற்றியின் மறுமுனையில் இருப்பவரும் அவரே. நோர்வேயில் ஞாயிற்றுக்கிழமை துளை போட்டால் அயலவர் பொலிசுக்கு ரெலிபோன் அடிப்பார்கள் என்பதால் ஒரு சனிக்கிழமை காலையில் வேலை நடந்தது.

"நெட்டுக்கு நிக்க வைப்பம். தலை கூரையை முட்டோணும்" என்றார் தில்லைநாதன்.

"விழும் அண்ணை. விழுந்தால் என்ரை வீட்டுக்குள்ளை வந்துதான் நிக்கும். படுக்க வைச்சால்தான் பாரம் தாங்கும். இந்த அகல இரும்புத் தாங்கியள் ரெண்டைப் பூட்டுவம்."

"அப்ப இன்னும் உயரத்திலை."

"மேலை வயர் ஓடுது."

கிளெமென்ற் சட்டைப் பையிலிருந்து இரண்டு முடிச்சுப் போட்ட சிவப்பு நூல் ஒன்றை எடுத்தார். அதைச் சுவரில் இழுத்துப் பிடித்து, முடிச்சு வந்த இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்தார்.

"அளவு நாடா இல்லையே உன்னட்டை?"

"இருக்கு. ஆனா நூல் பொய் சொல்லாது அண்ணை."

ட்ரில் கொங்கிரீற்றுக்குள் வெண்ணெய்க்குள் போவதுபோல் போனது. குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த மங்களேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"உது ஆணி இறங்காத சுவரெல்லோ?"

"அது சாமித் தட்டுக்கு" என்றார் தில்லைநாதன். யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

"சங்கத்தின்ரை அனுமதி?"

"அதை நான் பார்த்துக்கொள்ளுவன் அக்கா" என்றார் கிளெமென்ற். போகும்போது ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றில் நிறைய ரோல்ஸ் கொண்டுபோனார். ஒரு துளைக்கு அவ்வளவு ரோல்ஸா என்று தில்லைநாதனுக்குத் தோன்றியது. ஆனாலும் வெற்றி பெற்றவன் ரோல்ஸ் எண்ணக் கூடாது.

கோடாலி படுத்துக்கொண்டது. சுவர் நிறைந்தது. அடுத்து வந்த ஞாயிறுகளில் அதன் அடியில் அமர்ந்து ஆட்டிறைச்சி சாப்பிட்டபோது தில்லைநாதன் தன்னை ஒரு குறுநில மன்னனாகவே உணர்ந்தார். ஒரே ஒரு பயம்தான். மங்களேஸ்வரி தினமும் ஒரு துணியோடு வந்து, ஸ்ரூலில் ஏறாமலே எட்டி அதைத் துடைப்பாள். துடைக்கும்போதெல்லாம், "இதை ஒருநாளைக்குக் குப்பைக்குத்தான் அனுப்போணும்" என்று முணுமுணுப்பாள். அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் எதுவும் நடக்கலாம்.

நவராத்திரி தொடங்கியது. ஒரு மாலை அவர் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும்போது, மங்களேஸ்வரி ஹொல்ம்லியாவிலிருக்கும் சிநேகிதி விமலாதேவியோடு ரெலிபோனில் கதைத்துக்கொண்டிருந்தாள். குரல் வழக்கத்தை விடக் கொஞ்சம் உரப்பு.

"என்னெண்டு எறியிறது விமலா? சாமிப் படம் போட்ட பழைய கலண்டரையே எறிய மனம் வரேல்லை. ஒருக்காப் பூசை வைச்ச சாமானை ஆர் வெளியிலை போடுவினம்? பாவமெல்லே!"

தில்லைநாதன் ஒரு சப்பாத்தோடு அப்படியே நின்றார். மூளைக்குள் விளக்கெரிந்தது. நவராத்திரியின் கடைசி நாள் ஆயுத பூசை. வீட்டிலுள்ள கருவிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்துப் பூப்போட்டுக் கும்பிடும் நாள். போன வருடம்கூடக் கார்ச் சாவியும் தையல் மெசினும் பொட்டு வைத்துக்கொண்டன. கோடாலிக்கு ஒரு பொட்டு விழுந்துவிட்டால்? பிறகு மங்களேஸ்வரியால் அதைத் தொடவும் முடியாது!

பூசையன்று காலையில் அவர் பல்லிளித்துக்கொண்டு குசினிக்குப் போனார்.

"மங்களம், இந்த முறை கோடாலியையும் பூசையிலை வைப்பம்."

"அதேன்?"

"ஆயுத பூசையெல்லே? இந்த வீட்டிலை அதை விட்டால் வேறை என்ன ஆயுதம் இருக்கு?"

"யதுர்ஷா அது போலியெண்டு சொன்னவள்."

"அவள் சின்னப் பிள்ளை. அது அசல் ஆயுதம். நான் சொல்லுறன்."

மங்களேஸ்வரி கடலைத் தாளிதத்தைக் கிளறினாள். "சரி. அப்ப இறக்கிச் சாமான் அறைக்குக் கொண்டு வாங்கோ. அங்கைதானே சாமி."

இறக்கினால் மறுபடி ஏறுமா? தில்லைநாதன் அந்தப் பொறிக்குள் விழவில்லை. "அதை இறக்கேலாது. முதுகு போயிடும். பூசையை ஹோலுக்குக் கொண்டு வாரும்."

"சாமியை ஹோலுக்கோ?"

"ஓம், ஓம். ஒரு நாளைக்குத்தானே."

"நீங்கள் வாய் திறந்து சொல்லுறியள். பேந்து என்னைச் சொல்லக் கூடாது."

அன்று மாலை பூசை சிறப்பாக நடந்தது. சாமிகள் ஹோலில் ஒரு பலகையில் எழுந்தருளின. அவல், கடலை, பழம். மங்களேஸ்வரி தானே எட்டிக் கோடாலியின் இரண்டு அலகிலும் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, மஞ்சள் செவ்வந்தி மாலையைப் போட்டாள். பாம்புகளுக்குப் பொட்டு பொருத்தமாகவே இருந்தது. கற்பூரம் எரிந்தது, மணி அலறவில்லை. மங்களேஸ்வரியின் கண் கலங்கியது. தில்லைநாதன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்தி பாதி, சந்தோசம் பாதி.

அந்தச் சந்தோசத்துக்கு ஆயுள் அடுத்த ஞாயிறு வரை.

பந்து உருளும் நேரம். ஒரு கையில் பியர், மறு கையில் கோப்பை நிறைய ஆட்டிறைச்சி. ஹோல் வாசலில் மங்களேஸ்வரி குறுக்கே நின்றாள்.

"எங்கை போறியள்?"

"மாட்ச் பார்க்க."

"உதையளோடை ஏலாது."

"ஏன்? சாமியள் திரும்பச் சாமான் அறைக்குப் போயிட்டினமே."

"சாமியள் போயிட்டினம். ஆயுதம் போகேல்லையே. பூசை வைச்ச ஆயுதம். அது இருக்கிற அறையிலை மச்சமும் குடியும் புழங்கலாமே? கண் குருடாப் போகும்."

"மங்களம், அது வெறும் கோடாலி!"

"அசல் ஆயுதமெண்டு சொன்னனீங்கள். பொட்டு வைக்கச் சொன்னனீங்கள். நான் வைச்சனான்."

தில்லைநாதன் கோடாலியைப் பார்த்தார். அது மாலையோடு அவரைப் பார்த்தது. கிளெமென்ற் வந்து நிலைமையை ஒரே பார்வையில் விளங்கிக்கொண்டு, தன் பங்கு இறைச்சியை ஐஸ்கிரீம் பெட்டியில் வாங்கிக்கொண்டு தன் வீட்டு ரீவிக்குப் போய்விட்டார். அங்கே போகலாம் என்றால் அவருடைய மனைவிக்கு ஞாயிறு தவறாமல் விருந்தாட்கள்.

வாசலோரமும் உதவவில்லை. அங்கே சாமான் அறையில் பிள்ளையார். மிச்சம் குசினி. குசினிக் கதவில் சாய்ந்து, கழுத்தை நீட்டினால் ரீவியில் இடப்பக்கத்துக் கோல் மட்டும் தெரிந்தது. அந்தப் பக்கம் விழுந்தவற்றைக் கண்ணால் பார்த்தார். மற்றப் பக்கம் விழுந்தவற்றைச் சத்தத்தால் ஊகித்தார். இறைச்சி ஆறிப்போனது. பியர் சூடானது. தன் சொந்த வீட்டில், தான் வாங்கிய ரீவியை எட்டிப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டோமே என்று அவருக்கு அழுகை வந்தது.

மூன்று ஞாயிறு இப்படிப் போனது. கழுத்து ஒரு பக்கம் திரும்பியபடியே நின்றுவிட்டது. நாலாவது ஞாயிறுக்கு முன் அவர் சரணடைந்தார்.

"மங்களம், ஒரு உண்மை சொல்லட்டே? அந்தக் கோடாலி போலி. வித்த பொடியனே சொன்னவன்."

"இப்ப சொல்லுறியள். முந்தி மலை மாதிரி மனிசர் எண்டு சொன்னனீங்கள். உங்கடை எந்தக் கதையை நான் நம்புறது?"

"போலியெண்டால் ஆயுத பூசை அதுக்குச் செல்லாதெல்லே?"

"செல்லாதுதான். ஆயுதமே இல்லாட்டில் பொம்மைக்குப் பொட்டு வைச்ச மாதிரி. ஆனா அதை நீங்கள் சொல்லக் கூடாது. படிச்ச ஆக்கள் சொல்லோணும். நான் சாமிக் குற்றத்துக்கு ஆளாக மாட்டன்."

மறுநாள் வேலை முடிந்ததும் தில்லைநாதன் நகரத்து அருங்காட்சியகத்துக்கு ஓடினார். தங்கள் பொருள் அசல் என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சுபவர்களை அந்த இடம் கண்டிருக்கும். போலி என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சிய முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். கண்ணாடி போட்ட ஒரு அம்மையார் பொறுமையாக வந்தார். கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்தார்.

"சுவாரசியமாக இருக்கிறது" என்றார். நோர்வேக்காரர் சுவாரசியம் என்றால் நல்லதில்லை என்று தில்லைநாதனுக்குத் தெரியும். நெஞ்சு குளிர்ந்தது.

"இந்தச் சிவப்பு, இரத்தமா?"

"குங்குமம். அதை விடுங்கள். இப்படி ஒன்று வைக்கிங்குகளிடம் இருந்திருக்குமா?"

"பெரிய கோடாலிகள் இருந்ததுண்டு. ஆள் உயரத்துக்குக் கிட்ட நீளமான பிடியோடுகூட."

"இருந்ததா!" என்றார் தில்லைநாதன். ஆயுள் முழுவதும் குசினிக் கதவில் நிற்பதுபோல் ஒரு காட்சி கண்முன் வந்தது.

"ஆனால் அலகு மெல்லியது. பாரம் குறைவு. இரண்டு கையாலும் வேகமாக வீச வேண்டுமே. இதை ஒருமுறை ஓங்கினால் இறக்குவதற்குள் எதிரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்துவிடுவான். இரண்டு பக்க அலகு வைக்கிங்குகளுடையதாக எங்களுக்குக் கிடைத்ததே இல்லை. மன்னிக்க வேண்டும், இது வெறும் கற்பனை."

தில்லைநாதன் அம்மையாரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். "நன்றி! மிக்க நன்றி! இதை என் மனைவிக்கு ஒருமுறை சொல்ல முடியுமா?" அங்கேயே நின்று வீட்டுக்கு அடித்து, தொலைபேசியை அம்மையாரிடம் நீட்டினார். அம்மையார் திரும்பவும் எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் மங்களேஸ்வரி மரியாதையாக நன்றி சொன்னது அவருக்குக் கேட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் குறொன்லாண்டில் இறங்கி, ஆட்டிறைச்சி வாங்கினார். நல்ல நெஞ்செலும்பாகப் பார்த்து.

கதவைத் திறந்ததும், "கேட்டீரோ? போலி!" என்றார்.

"கேட்டனான். படிச்ச மனிசி, வடிவா விளங்கப்படுத்தினவ" என்றாள் மங்களேஸ்வரி. "அப்ப கழட்டுங்கோ."

"எதை?"

"கோடாலியை. போலியெண்டு படிச்ச ஆக்கள் ஆரும் சொன்னால் என்ரை கையாலையே கழட்டுவன் எண்டு சத்தியம் பண்ணினனீங்கள். யதுர்ஷாவும் நிண்டவள்."

"அது... ஒரு கோவத்திலை..."

"சத்தியம், அப்பா" என்றாள் அறைக்குள்ளிருந்து யதுர்ஷா. சாட்சி சொல்ல அவள் வெளியே வரக்கூட இல்லை.

அசல் என்றால் ஆட்டிறைச்சி இல்லை. போலி என்றால் கோடாலி இல்லை. இருதலைக் கொள்ளி எறும்பைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அது இவ்வளவு சுடும் என்று அவருக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தார். கோடாலி போனால் போகட்டும், ஹோல் மிஞ்சும்.

கிளெமென்ற் வந்து ஒரு பக்கம் பிடிக்க, இருவருமாக இறக்கினார்கள். அதைச் சாத்தி வைக்க வேறு இடமில்லை. சாமான் அறையில் தூசி உறிஞ்சும் மெசினுக்குப் பக்கத்தில் இடமிருந்தது. இருந்தது என்றால், அங்கிருந்த சாமிகளை மங்களேஸ்வரி ஏற்கெனவே ஒரு தாம்பாளத்தில் எடுத்துக்கொண்டு ஹோலில் நின்றாள். யதுர்ஷா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு நீளப் பெட்டியை இழுத்து வந்தாள். உள்ளே பளபளவென்று ஒரு மரத் தட்டு. முன்னால் சின்னச் சின்னப் பித்தளை மணிகள்.

"உதெப்ப வாங்கினது?" என்றார் தில்லைநாதன்.

"கன நாளா இருக்கு" என்றாள் மங்களேஸ்வரி. "ஓட்டை போட்ட சுவர். தாங்கியும் நிக்குது. சும்மா ஏன் விடுவான்?"

குரங்கு பிடிக்கப் போனவர் பிள்ளையாரில் கொண்டுபோய் முடித்திருந்தார். ஆனாலும் அவர் உடனே விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியாக ஒரு வழி மிஞ்சியிருந்தது. தாங்கிகள் கோடாலிக்கு அடித்தவை. தட்டின் துளைகள் எங்கோ, தாங்கிகள் எங்கோ. பொருந்தாவிட்டால் புதுத் துளை. புதுத் துளை என்றால் சங்கத்தின் அனுமதி. அனுமதிக்கு எழுத அவருக்கு இன்னும் பல வருடம் எடுக்கும். முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

"மங்களம், எனக்கும் ஆசைதான். ஆனா கோடாலிக்கு அடிச்ச தாங்கி தட்டுக்குப் பொருந்துமே? வைச்சுப் பாரும், ஒரு சாண் விலகி நிக்கும்."

கிளெமென்ற் தட்டைத் தூக்கித் தாங்கிகளின் மேல் வைத்தார். டக். நான்கு துளையும் நான்கு துளைக்கு நேரே வந்தன. தள்ளவும் வேண்டியிருக்கவில்லை, இழுக்கவும் வேண்டியிருக்கவில்லை. உயரமும் மங்களேஸ்வரி விளக்கேற்றக் கை நீட்டும் உயரம். பிள்ளையார் ஏறி, கிழக்கைப் பார்த்து அமர்ந்தார். மங்களேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கற்பூரம் எடுக்கப் போனாள்.

தில்லைநாதனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தோற்றவர்தான், ஆனால் பக்தர். கையிலிருந்த இறைச்சிப் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி கும்பிட்டார்.

"பார்த்தியே கிளெமென்ற்? நூலளவும் பிசகேல்லை. தெய்வச் செயல்!"

கிளெமென்ற் கையைத் துடைத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் பெட்டியைத் தேடிக் குசினிப் பக்கம் திரும்பினார்.

"பிசகாது அண்ணை. அண்டைக்கு அக்கா தட்டிலை வைச்சு முடிச்சுப் போட்டுத் தந்த நூல்தானே அது."